ஜார்க்கண்ட் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்: பாறை, காடு, கனிமம், பழைய கதை

வேலை விஷயமா ராஞ்சில ஏழு வருஷம் இருந்துட்டு ஊருக்குத் திரும்பினவன் நான். வந்த நாள்லருந்து சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, திருப்பூர்ல பனியன் கம்பெனி நடத்துற நண்பர்கள்னு எல்லாரும் மாத்தி மாத்தி இதே கேள்விகளத்தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்றதுக்கு ஒரே எடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

ராஞ்சின்னா தோனி ஊரு. ஜார்க்கண்ட்னா பீகார்ல இருக்குற ஒரு எடம் தானே?

தோனி ஊரு, சரிதான். பீகார்ல இல்லங்க. 2000-ம் வருஷம் நவம்பர் 15 வரைக்கும் பீகாரோட தெக்குப் பகுதியா இருந்துச்சு, அன்னைக்குத் தனி மாநிலம் ஆயிடுச்சு, இந்தியாவோட 28-வது மாநிலம். வடக்க பீகார், கிழக்க மேற்கு வங்காளம், தெக்க ஒடிசா, மேற்க சத்தீஸ்கரும் உத்தரப்பிரதேசமும். கடல் கிடையாது. பரப்பளவு சுமார் 79,700 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டுல அஞ்சுல மூணு பங்கு. 2011 கணக்குப்படி 3.3 கோடி ஜனம், அதுல நாலுல ஒருத்தருக்கு மேல ஆதிவாசி. ‘ஜார்’னா காடு, புதர், ‘கண்ட்’னா நிலப்பகுதி. காட்டு நாடுன்னு வச்சுக்கோங்க.

அங்கருந்து வேலைக்கு வர்ற பசங்கள இங்க மொத்தமா ‘பீகாரி’ன்னு கூப்புடுறாங்க, அவங்களுக்கு அது மனசுக்குள்ள சுருக்குன்னு தைக்கும். ஏன்னு கீழ படிச்சா புரியும்.

நிலம் எப்படி இருக்கும்? வடக்கன்னாலே தட்டையான சமவெளி தானே?

நானும் அப்படித்தான் நெனச்சுட்டுப் போனேன். பாட்னா பக்கம் கங்கைச் சமவெளி, பாய் விரிச்ச மாதிரி இருக்கும். அங்கருந்து தெக்க வர வர தரை மேடாகி, பாறை தலை காட்டி, சோட்டாநாக்பூர் பீடபூமி ஆரம்பிச்சுடும். இந்தப் பீடபூமி படிக்கட்டு மாதிரி. மேற்க நெதர்ஹாட் பக்கம் 1,100 மீட்டர் உயரத்துல உச்சி தட்டையா வெட்டி வச்ச மலைங்க, அதுக்கு உள்ளூர்ல ‘பாட்’னு பேரு. அடுத்த படி ராஞ்சி, சுமார் 650 மீட்டர். வடக்க ஹசாரிபாக் இன்னொரு படி. அதுக்கும் கீழ தாமோதர் பள்ளத்தாக்கு.

ஆறுங்க ஒரு படியிலருந்து அடுத்த படிக்கு எறங்கித்தானே ஆகணும், அதனாலதான் ராஞ்சியச் சுத்தி இத்தன அருவி. சுவர்ணரேகா ஆறு ஹுண்ட்ருல 98 மீட்டர் ஒரே பாய்ச்சலா விழும், ஆகஸ்ட் மாசம் போய் நின்னா பக்கத்துல நிக்குறவங்க பேசுறது கேக்காது.

வயக்காடும் இந்த மேடு பள்ளத்துக்குத் தக்கபடிதான். தாழ்வான ஈர நிலம் ‘தோன்’, அங்க நெல்லு. மேட்டு நிலம் ‘டாண்ட்’, அங்க கேழ்வரகு, உளுந்து, எண்ணெய் வித்து. மழை வருஷத்துக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேலயே பெய்யுது, ஆனா பாறை நிலம், சரிவான தரை, தண்ணி நிக்காம ஓடிடும். நல்லா மழை பெஞ்ச வருஷத்துலயும் ஏப்ரல்ல கிணறு வத்துறத நானே பாத்திருக்கேன்.

இன்னொரு பக்கம் வடகிழக்கு மூலையில ராஜ்மகல் மலை. சுமார் 11.7 கோடி வருஷத்துக்கு முன்னாடி எரிமலைக் குழம்பு வழிஞ்சு உண்டான கருங்கல், அடுக்குக்கு நடுவுல அந்தக் காலத்துச் செடி கொடியெல்லாம் கல்லா மாறிக் கெடக்கு. பீர்பல் சாஹ்னி மாதிரி பெரிய தாவர விஞ்ஞானிங்க ஆராய்ச்சி பண்ண எடம். கங்கை ஜார்க்கண்டத் தொடுறது அந்த சாஹிப்கஞ்ச் மாவட்டத்துல மட்டும்தான்.

உலகத்துலயே மொதல்ல கடலுக்கு மேல வந்த நிலம் ஜார்க்கண்ட்னு ஒரு வீடியோல சொல்றாங்களே, உண்மையா?

பெருமளவு உண்மை. தெக்க சிங்பூம் பகுதியில இருக்குற பாறை ரொம்பப் பழசு. அங்க கெடைச்ச மணற்கல்லு ஆறும் கடற்கரையும் இருந்தா மட்டுமே உண்டாகுற வகை, அந்த மணல்ல இருக்குற சிர்கான்னு ஒரு தாதுவோட துகள வச்சு வயசு கணக்குப் போட்டதுல 300 கோடி வருஷத்துக்கு மேலன்னு வந்துச்சு. அதாவது சுமார் 320 கோடி வருஷத்துக்கு முன்னாடியே அந்த நிலம் கடலுக்கு மேல தலை தூக்கி நின்னுருக்கு. 2021-ல இந்த ஆய்வு வந்துச்சு. ‘மொதல் நிலம்’னு அடிச்சுச் சொல்றதவிட, ரொம்ப ஆரம்பத்துல கடலுக்கு மேல வந்த கண்டத் துண்டுகள்ல ஒண்ணுன்னு சொல்றதுதான் சரி. தென்னாப்பிரிக்காவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் இதே மாதிரி பழைய துண்டுங்க இருக்கு.

இவ்வளவு நிலக்கரி அங்க மட்டும் எப்படி வந்துச்சு?

அங்க மட்டும் இல்ல, ஒடிசா, சத்தீஸ்கர்லயும் நெறைய உண்டு. ஆனா இந்தியாவோட மொத்த நிலக்கரி இருப்புல நாலுல ஒரு பங்கு கிட்ட ஜார்க்கண்ட்லதான். இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானான்னு ஒட்டி இருந்த காலம், 25 கோடி வருஷத்துக்கும் முன்னாடி. தாமோதர் இப்ப ஓடுற எடம் அப்ப ரெண்டு பக்கமும் ஒடைஞ்சு நடுவுல உள்வாங்கிட்டே இருந்த ஒரு நீளப் பள்ளம். அதுல சதுப்புக் காடு வளரும், சாயும், மேல மணல் மூடும், பள்ளம் இன்னும் எறங்கும், மறுபடி காடு வளரும். இப்படியே லட்சக்கணக்கான வருஷம். அதான் அடுக்கடுக்கா கரி. ஜரியா, பொகாரோ, கரண்புரா, ராம்கர் எல்லாமே அந்த ஒரே பள்ளத்தோட துண்டுங்கதான்.

இதுல ஜரியாவுக்குத் தனி மவுசு ஏன்னா அங்க கெடைக்குறது உயர்ந்த ரக கோக்கிங் கரி. காத்து படாம சூடு பண்ணா இந்தக் கரி கெட்டியான, ஓட்டை ஓட்டையான கோக்கா மாறும், இரும்பு உருக்குற ஊதுலையில மேல இருக்குற தாதுவோட கனத்தத் தாங்கும், இரும்புத் தாதுல இருக்குற ஆக்சிஜனயும் பிரிச்சு எடுக்கும். எல்லாக் கரியும் இப்படி ஆகாது. நம்ம நெய்வேலில எடுக்குறது ஈரம் அதிகமான பழுப்பு நிலக்கரி, கரண்டுக்குச் சரி, ஊதுலைக்கு ஆகாது.

ஜரியால நூறு வருஷமா பூமிக்கடியில தீ எரியுதாமே?

எரியுது. 1916-ல மொதல்ல கண்டுபிடிச்சாங்க, இன்னும் முழுசா அணையல. அந்தக் காலத்துத் தனியார் சுரங்கக்காரங்க கரிய எடுத்துட்டு உள்ள இருந்த வெத்திடத்துல மணல் நெரப்பாம அப்படியே விட்டுட்டுப் போனாங்க. கரின்றது காத்து பட்டா தானாவே சூடேறும், சூடு வெளிய போக வழி இல்லன்னா தானாவே பத்திக்கும். 1970-கள் ஆரம்பத்துல சுரங்கங்கள அரசுடைமை ஆக்கினாங்க, ஆனா தீ அதுக்கு முன்னாடியே நல்லா பரவிடுச்சு, அப்புறம் திறந்தவெளிச் சுரங்கம் தோண்டுனதுல காத்து இன்னும் உள்ள போச்சு.

ஒரு டிசம்பர் காலையில தன்பாத்லருந்து ஒரு நண்பரோட போயிருந்தேன். ரோட்டோரம் தரையில கை அகலத்துக்கு வெடிப்பு, அதுலருந்து புகை. அழுகுன முட்டை வாடையும் தீஞ்ச தார் வாடையும் கலந்து தொண்டையில ஒட்டிக்கும். செருப்புக்குள்ள சூடு ஏறுது. அந்த வெடிப்புக்கு இருவது அடி தள்ளி ஒரு வீடு, செவுத்துல விரிசல், வாசல்ல ஒரு அம்மா பாத்திரம் தேய்க்குறாங்க. ‘பயமா இல்லையா அம்மா’ன்னு கேட்டேன், ‘ராத்திரி மட்டும்தான் பேட்டா’ன்னாங்க. வீடு மாத்திக் கொடுக்குற திட்டமெல்லாம் இருக்கு, ஆனா புது எடத்துல வேலை இல்லன்னு நெறைய பேர் போக மாட்டேங்குறாங்க.

அங்க மறக்கவே முடியாத இன்னொரு காட்சி சைக்கிள் கரி. சாக்கு மூட்டையில 200 கிலோ வரைக்கும் கரிய சைக்கிள் மேல கட்டி, உக்காந்து மிதிக்க முடியாது, தள்ளிட்டே ராம்கர் மலை ரோட்டுல ராஞ்சி வரைக்கும் ஏறுவாங்க. ஏத்தத்துல ரெண்டு பேர் சேந்து தள்ளுவாங்க. நாட்டுக்கே கரண்டு கொடுக்குற கரி மேல பொறந்தவங்க பொழைக்குற வழி அது.

இரும்பு, ஜாம்ஷெட்பூர் கதை?

இரும்புத் தாது தெக்கு மூலையில, மேற்கு சிங்பூம் மாவட்டம். நோவாமுண்டி, குவா, கிரிபுரு, மேகாஹாதுபுரு. மண்ணே துரு நெறத்துல இருக்கும், மழை பெஞ்சா ஓடையெல்லாம் செவப்பு.

1900-களோட ஆரம்பத்துல பி.என். போஸ்னு ஒரு நிலவியலாளர், பக்கத்துல மயூர்பஞ்ச்ல நல்ல தாது இருக்குன்னு டாடாவுக்குக் கடிதம் எழுதினாரு. 1907-ல கம்பெனி ஆரம்பிச்சாங்க. சுவர்ணரேகாவும் கர்காயும் சேர்ற எடத்துல சாக்சின்னு ஒரு கிராமம், ஒரு பக்கம் தாது, இன்னொரு பக்கம் ஜரியா கரி, நடுவுல தண்ணி, கிட்டயே ரயில் பாதை. 1912-ல மொத ஸ்டீல். 1919-ல ஜாம்ஷெட்ஜி டாடா பேர்ல ஜாம்ஷெட்பூர் ஆச்சு. பிற்பாடு சோவியத் உதவியோட பொகாரோ ஸ்டீல் வந்துச்சு.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். இந்தப் பாடம் பூரா டாடாவுலருந்து ஆரம்பிக்குறது தப்பு. நெதர்ஹாட் மேட்டுல அசூர்னு ஒரு சமூகம், இவங்க பரம்பரைத் தொழிலே தாது உருக்குறதுதான். மண் உலை, சால் மரக் கரி, கால்ல மிதிக்குற துருத்தி, அவ்வளவுதான். தொழிற்சாலை இரும்பும் காட்டுச் சட்டமும் வந்த அப்புறம் அந்தத் தொழில் படுத்துடுச்சு. இப்ப அசூர் மக்களோட மலை மேல இருக்குற பாக்சைட்தான், அதாவது அலுமினியத் தாது, லாரி லாரியா வெளிய போகுது.

வேற என்ன கனிமம்?

கோடர்மா, கிரிடி பக்கம் மைக்கா, நம்ம பாட்டிங்க காக்காப்பொன்னுன்னு சொல்லுவாங்களே அதுதான். ரேடியோ வால்வு காலத்துல உலகம் பூரா அங்கருந்து போச்சு. இப்ப பெரிய சுரங்கம் அதிகம் இல்ல, கழிச்சுப் போட்ட குவியல்லருந்து ‘டிப்ரா’ன்னு சில்லு பொறுக்குறாங்க, கொழந்தைங்களும் பொறுக்குறாங்க, அந்த மினுமினுப்பு கடைசில மேக்கப் பொருள்ல வந்து நிக்குது. கிழக்கு சிங்பூம்ல காட்சிலா பக்கம் செம்பு. அதே மாவட்டத்துல ஜாதுகோடா, இந்தியாவோட மொத யுரேனியம் சுரங்கம், 1967-லருந்து. சுத்துப்பட்டு ஊர்க்காரங்க கதிர்வீச்சு பத்தி ரொம்ப வருஷமா கவலையோட கேள்வி கேட்டுட்டு இருக்காங்க.

காடு இன்னும் இருக்கா?

இருக்கு, மாநிலத்துல சுமார் 30 சதவீதம். சாரண்டான்னு தெக்க ஒரு பெரிய சால் காடு, 700 மலைன்னு அந்தப் பேருக்கு அர்த்தம் சொல்லுவாங்க. காட்டுக்கு அடியிலதான் இரும்புத் தாது, சண்டையே அங்கதான்.

காட்டுல கெடைக்குற அரக்குல இந்தியாவுக்கே ஜார்க்கண்ட்தான் முதலிடம், குசும், புரசு மரக் கிளையில பூச்சி கட்டுறது. டசர் பட்டுலயும் அப்படித்தான். அப்புறம் மஹுவா. அது நம்ம இலுப்பை மரம்தாங்க. மார்ச் கடைசில விடியக்காலம் மரத்தடியில பொண்ணுங்க கூடையோட குனிஞ்சு பூ பொறுக்குவாங்க, வெளிர் மஞ்சள்ல சின்னத் திராட்சை மாதிரி இருக்கும், காய வச்சா ஊரே இனிப்பா மணக்கும். ‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சக்கரை’ன்னு நாம பழமொழியா மட்டும் வச்சிருக்கோம், அங்க அத இன்னைக்கும் சாப்புடுறாங்க, காச்சுறாங்க, வித்துப் பணமாக்குறாங்க.

அங்க மொதல்ல யாரு இருந்தாங்க?

ஹசாரிபாக் பக்கம் இஸ்கோன்னு ஒரு எடத்துல பாறை ஓவியம் இருக்கு. அதே வட்டாரத்துக் கிராமத்துப் பெண்கள் வீட்டுச் செவுத்துல இன்னைக்கும் வரையுற சோஹ்ராய் படங்களப் பாத்தா அந்தக் கோடுங்களோட சாயல் தெரியும்.

இப்ப இருக்குறவங்கள்ல முண்டா, சந்தால், ஹோ மூணும் ஒரே மொழிக் குடும்பம், ஆஸ்ட்ரோ ஆசிய குடும்பம், கம்போடியா, வியட்நாம் மொழிங்களுக்குத் தூரத்துச் சொந்தம். முண்டாக்கள் காட்டத் திருத்தி ஊர் உண்டாக்குன பரம்பரைக்கு அந்த நிலம் கூட்டா சொந்தம், அதுக்கு ‘குண்ட்கட்டி’ன்னு பேரு. நிலத்துக்குப் பத்திரம் எதுன்னா ‘சசன்திரி’, அதாவது முன்னோர் எலும்பு பொதச்ச எடத்துல வைக்குற பெரிய பலகைக் கல். ராஞ்சிக்குத் தெக்கிழக்க சொக்காஹாத்துன்னு ஒரு ஊர்ல ஆயிரக்கணக்குல அந்தக் கல்லுங்க நெருக்கி நெருக்கிக் கெடக்கு. நம்ம ஊர்ல கல்திட்டை ஆராய்ச்சிக்காரங்க தேடிப் போற விஷயம், அங்க இன்னும் உயிரோட இருக்குற வழக்கம்.

அங்க தமிழ் மாதிரி ஒரு மொழி பேசுறாங்கன்னு சொன்னியே?

ஆமா, எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி. உராவ் மக்கள் பேசுற குருக், ராஜ்மகல் மலை பஹாடியாக்கள் பேசுற மால்டோ, ரெண்டும் திராவிட மொழி. குருக் பேசுறவங்க நாட்டுல 20 லட்சம் பேர் கிட்ட இருக்காங்க.

ராஞ்சில வாரச் சந்தையில கீரை விக்குற ஒரு உராவ் பாட்டிகிட்ட பழக்கம். ஒரு நாள் எண்ணிச் சொல்லச் சொன்னேன். மூணுக்கு ‘மூந்த்’, நாலுக்கு ‘நாக்’. அஞ்சுலருந்து ஹிந்தி சாயல் வந்துடுச்சு. நான் என் பல்லக் காட்டினேன், ‘பல்ல்’னாங்க. வாயக் காட்டினேன், ‘பாய்’. கண்ணுக்கு ‘கன்ன்’, ஆனா க-வ தொண்டையிலருந்து. நான் தமிழ்ல அதே வார்த்தைங்களச் சொன்னேன், பக்கத்துக் கடை பொம்பளைங்கள எல்லாம் கூப்புட்டு ‘இந்தா, இன்னொரு தடவ சொல்லு’ன்னு சொல்ல வச்சுச் சிரிச்சாங்க. அன்னைக்குக் கீரைக்குக் காசு வாங்கல.

இன்னொண்ணு, கேக்குறவங்களையும் சேத்துச் சொல்ற ‘நாம்’ குருக்லயும் ‘நாம்’தான். சேக்காம சொல்ற நாங்களுக்கு ‘ஏம்’. ஹிந்தில ரெண்டுக்கும் ஒரே ‘ஹம்’தான். திருப்பூர்ல உங்ககிட்ட தையல் மிஷின்ல உக்காந்திருக்குற பையன் உராவா இருந்தா, அவங்க பாட்டி மொழி ஹிந்திய விட தமிழுக்குத்தான் நெருங்குன சொந்தம்.

ராஜாக்களே கிடையாதா?

உண்டு. ராஞ்சிப் பக்கம் நாகவம்சிங்க, பலாமுல சேரோக்கள். முகலாயர் இந்த ஊர ‘கோக்ரா’ன்னு சொன்னாங்க, அவங்களுக்கு வேண்டியது ஆத்து மணல்ல கெடைச்ச வைரம். ஜஹாங்கீர் காலத்துல, 1615 வாக்குல, படை வந்து நாகவம்சி ராஜா துர்ஜன் சால புடிச்சு குவாலியர் கோட்டையில அடைச்சாங்க. நல்ல வைரம் எது, குறை உள்ளது எதுன்னு சரியா சொன்னதால விடுதலை ஆனாருன்னு கதை. பலாமு கோட்டைய 1660-கள் தொடக்கத்துல தாவூத் கான் புடிச்சான். ஆனா பெரும்பாலும் காட்டுக்குள்ள கிராமம் தன் பாட்டுக்கு முண்டா, மான்கி, படஹான்னு ஊர்த் தலைவருங்க முறையிலதான் ஓடிட்டு இருந்துச்சு. ராஜாவ விட கிராமம்தான் அங்க பழசு.

வெள்ளக்காரன் வந்த அப்புறம்?

1765-ல கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வரி வசூல் உரிமை வந்துச்சு. ஜமீன்தார், வட்டிக்காரன், கோர்ட்டு, எல்லாம் வெளியூர் ஆளுங்க, ஆதிவாசிங்க அவங்கள ‘டிக்கு’ன்னு சொல்லுவாங்க. கூட்டு நிலம்னா கோர்ட்டுக்குப் புரியல, கல்லு பத்திரம்னா சிரிச்சாங்க. எழுச்சி மேல எழுச்சி. 1831-32-ல கோல் ஆதிவாசிங்க கிளர்ச்சி. 1855 ஜூன் 30, போக்னாடி கிராமத்துல சித்து, கானு சகோதரர்கள் ஆயிரக்கணக்கான சந்தால்களக் கூட்டி ‘ஹூல்’னு எழுச்சி அறிவிச்சாங்க, வில் அம்பு ஒரு பக்கம் துப்பாக்கி ஒரு பக்கம், சிப்பாய்க் கலகத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி.

அப்புறம் பிர்சா முண்டா. 1875 நவம்பர் 15 பொறந்தாரு, 1899 கடைசில ‘உல்குலான்’னு பெரும் எழுச்சி, 1900 ஜூன் 9 ராஞ்சி ஜெயில்ல செத்துப் போனாரு. 25 வயசு கூட முடியல. அவரு போன எட்டு வருஷத்துல, 1908-ல, சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்துச்சு, ஆதிவாசி நிலத்த வெளியாள் வாங்க முடியாதுன்னு. அத இளக்கப் பாக்குறப்பெல்லாம் இன்னைக்கும் ஜனம் தெருவுக்கு வந்துடும். மாநிலம் பொறந்த தேதி நவம்பர் 15-ன்னு மேல சொன்னேன்ல, அது பிர்சா பொறந்த நாள், அதுக்காகவே அந்தத் தேதி.

தனி மாநிலம் கேட்டது எப்பலருந்து?

1938-ல ஆதிவாசி மகாசபை. அத முன்னெடுத்தவரு ஜெய்பால் சிங் முண்டா, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ல இந்திய ஹாக்கி டீம் கேப்டன், பின்னாடி அரசியல் நிர்ணய சபையில ஆதிவாசிகளுக்காக நின்னவரு. 1950-கள்ல மாநில மறுசீரமைப்புக் கமிஷன் கோரிக்கைய ஏத்துக்கல. 60 வருஷப் போராட்டம்னு சொல்லலாம்.

இவ்வளவு வளம் இருந்தும் ஏன் பசங்க இங்க வந்து வேலை பாக்குறாங்க?

பல காரணம், ஆனா ஒண்ணு நமக்கு நேரடியா சம்பந்தப்பட்டது. 1950-கள்லருந்து 1990-கள் ஆரம்பம் வரைக்கும் சரக்குக் கட்டணச் சமன்பாடுன்னு ஒரு மத்திய அரசுக் கொள்கை இருந்துச்சு. ஸ்டீல் மாதிரி சரக்கு ஜாம்ஷெட்பூர்ல என்ன விலையோ கிட்டத்தட்ட அதே விலைக்குச் சென்னையிலயும் கெடைக்கும், ரயில் செலவ சமன் பண்ணிடுவாங்க. அப்ப சுரங்கம் பக்கத்துல போய் எவன் பேக்டரி போடுவான்? துறைமுகம் இருக்குற மும்பை, சென்னைப் பக்கம் போட்டாங்க. நம்ம ஊர் வளந்ததுக்கு நம்ம உழைப்பு, படிப்பு எல்லாம் காரணம்தான், ஆனா அந்தக் கணக்குல அவங்க மண்ணும் கொஞ்சம் இருக்கு.

அதோட அணை, சுரங்கம், ஸ்டீல் பிளாண்டுன்னு நிலம் போனவங்க எக்கச்சக்கம். தாமோதர்ல பஞ்சேத் அணைய 1959 டிசம்பர்ல நேரு தெறக்க வந்தப்ப, அங்க வேலை செஞ்ச 15 வயசு சந்தால் பொண்ணு கையாலயே சுவிட்ச் போட வச்சாரு. விழாவுல நேருக்கு மாலை மரியாதை செஞ்சதால அவருக்கே பொண்டாட்டி ஆயிட்டான்னு சொல்லி சொந்த ஊரே அந்தப் பொண்ண ஒதுக்கி வச்சுடுச்சு. கொஞ்ச வருஷத்துல வேலையும் போச்சு. ஜார்க்கண்ட் பத்தி நெனச்சாலே எனக்கு அந்தப் பொண்ணு ஞாபகம்தான் வரும்.

போய்ப் பாக்கணும்னா எப்ப, எப்படி?

தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம், காட்பாடி வழியாத்தான் போகுது, ராஞ்சியும் அதே பாதையில. வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்துட்டுத் திரும்புற குடும்பங்களும் லீவுக்கு ஊர் போற பசங்களும் அதுலதான் இருப்பாங்க, ரெண்டு நாள் பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இல்ல. அருவி பாக்கணும்னா மழை முடிஞ்ச கையோட செப்டம்பர், அக்டோபர். பாரஸ்நாத் மலை ஏறணும்னா குளிர்காலம், ஜைனர்களோட 24 தீர்த்தங்கரர்ல 20 பேர் முக்தி அடைஞ்ச மலை, ஏற்றம் கஷ்டம், விடியறதுக்கு முன்னாடியே கெளம்பணும். என்னக் கேட்டா சர்ஹுல் பண்டிகை சமயத்துல போங்க, மார்ச் ஏப்ரல்ல வரும், சால் மரம் பூக்குறப்ப. ஊர்ப் பூசாரிய ‘பாஹன்’னு சொல்லுவாங்க, அவரு வீடு வீடா வந்து அந்தப் பூவ வாசல்ல சொருகிட்டுப் போவாரு. வாடகை வீடுன்னு பாக்காம எங்க வாசல்லயும் ஏழு வருஷமும் சொருகினாரு.